தங்கத்தைக் கறுப்பாக்குவது எதற்கு?

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் முதன்மைக் கண்ணாடி 18 அறுகோணத் துண்டுகளால் ஆனது. குறுக்களவு 6.5 மீட்டர். பெரிலியத்தில் செய்து மெருகேற்றிய அந்தத் துண்டுகளின் மேல் சுமார் 100 நானோமீட்டர் தடிமனுக்குத் தங்கம் பூசியிருக்கிறார்கள். அத்தனை பெரிய பரப்புக்கும் பிடித்தது ஏறத்தாழ 48 கிராம், நம் கணக்கில் ஆறு சவரன். அகச்சிவப்புக் கதிர் பட்டால் தங்கம் அதில் 98 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும் என்பதால்தான் இந்தத் தேர்வு. இப்போது இன்னொரு தங்கப் பரப்பைப் பார்ப்போம். 2010-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தில் ஹரால்ட் கீசன் குழுவினர் 200 நானோமீட்டர் தடிமனில் ஒரு தங்கப் படலத்தை இட்டார்கள். வெப் தொலைநோக்கியின் பூச்சைப்போல் இரண்டு மடங்கு. அதன்மேல் 30 நானோமீட்டர் மக்னீசியம் ஃப்ளூரைடு. அதற்கும் மேலே 352 நானோமீட்டர் விட்டமும் 20 நானோமீட்டர் உயரமும் கொண்ட தங்க வில்லைகள், 600 நானோமீட்டருக்கு ஒன்றாக வரிசை பிடித்து. 1.6 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிரை அதன்மேல் பாய்ச்சியபோது 99 சதவீதம் உள்ளேயே போய்விட்டது. தங்கத்தின் மேல் தங்கத்தை வைத்ததும், உலகின் ஆகச்சிறந்த அகச்சிவப்புக் கண்ணாடிகளில் ஒன்று அந்த ஓர் அலைநீளத்துக்கு மட்டும் கரியாகிவிட்டது.

அதற்குப் பிறகு இந்த வகைப் பரப்புகளைப் பற்றி வந்த ஆய்வுக் கட்டுரைகளுக்குக் கணக்கில்லை. வில்லைக்குப் பதில் சிலுவை, வளையம், சதுரம். தங்கத்துக்குப் பதில் வெள்ளி, அலுமினியம், டங்ஸ்டன். எல்லாவற்றிலும் தலைப்புச் செய்தி ஒன்றுதான்: உச்சத்தில் எத்தனை சதவீதம் விழுங்கியது? 97, 99, 99.9 என்று போட்டி நடக்கிறது. அந்த எண்ணை முன்னிறுத்துவது கவனத்தைத் தவறான இடத்துக்கு இழுக்கிறது என்பது என் வாதம். கதிரை விழுங்கும் பொருள்களுக்கு உலகில் பஞ்சமில்லை. அடுப்புக்கரி அதைச் செய்யும். உலோகத்தில் நானோ அளவில் உருவம் செதுக்கி இவ்வளவு பாடுபடுவதற்கு நியாயம், மற்ற எல்லா அலைநீளங்களையும் அந்தப் பரப்பு தொடர்ந்து மறுக்கிறது என்பதில் இருக்கிறது. உலோகம் இயல்பிலேயே கண்ணாடி. அந்த இயல்பைக் கெடுக்காமல், வேண்டிய இடத்தில் மட்டும் ஓர் ஓட்டை போடுவதுதான் இங்கே வடிவமைப்பு. ஓட்டை எவ்வளவு ஆழம் என்பதைவிட, அதைச் சுற்றியுள்ள சுவர் எவ்வளவு உறுதி என்பதே பயனைத் தீர்மானிக்கிறது.

கீறல் விழுந்த உலோகம் ஒளியோடு விசித்திரமாக நடந்துகொள்ளும் என்பது நூறாண்டுக்கு முந்திய செய்தி. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் வுட் 1902-இல் உலோகத்தில் நெருக்கமாகக் கோடுகள் வரைந்த விளிம்புவிளைவுக் கீற்றணி ஒன்றைச் சோதித்தார். நிறமாலையின் ஓரிடத்தில் ஒளி திடீரென்று மங்கியது. சோடியத்தின் இரட்டை மஞ்சள் கோடுகளுக்கு இடைப்பட்ட அந்த மிகச்சிறிய அகலத்துக்குள்ளேயே பெருவெளிச்சம் இருட்டாக மாறியதைக் கண்டு அவருக்கு வியப்பு. காரணம் முழுதாக விளங்குவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேலானது. உலோகத்தின் மேற்பரப்பில் எலெக்ட்ரான்கள் கூட்டமாக அலைபாய முடியும், கோடுகளின் இடைவெளி பொருந்தினால் வரும் ஒளி அந்த அலையாக மாறி உலோகத்தோடு ஒட்டிக்கொண்டு ஓடும். இதை இன்று மேற்பரப்புப் பிளாஸ்மான் என்கிறோம். 1976-இல் இங்கிலாந்தின் ஹட்லியும் பிரான்ஸின் மேஸ்த்ரும் மேலோட்டமான பள்ளங்களே கொண்ட தங்கக் கீற்றணியில் ஒளியை ஏறக்குறைய முழுவதும் மறையவைத்துக் காட்டினார்கள். பள்ளத்தை ஆழப்படுத்தினால் விழுங்குவது கூடவில்லை, குறைந்தது. குறிப்பிட்ட ஓர் ஆழத்தில் மட்டுமே முழுமை கிடைத்தது. இந்தத் துறையின் அடிப்படைப் பாடம் அதற்குள் அடங்கியிருக்கிறது.

ஏன் அப்படி? தங்கத்தைத் தொடும் அகச்சிவப்புக் கதிர் இருபது முப்பது நானோமீட்டர் ஆழத்துக்குள் மங்கிப்போய்த் திரும்பிவிடுகிறது. ஒருமுறை தொட்டால் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் வெப்பமாக மாறும். அந்த ஒன்றிரண்டை நூறாக்க வேண்டுமானால், கதிரை அந்த இடத்திலேயே பிடித்துவைத்து மீண்டும் மீண்டும் உலோகத்தோடு உரசவிட வேண்டும். வில்லைக்கும் அடித்தளத்துக்கும் இடையிலுள்ள 30 நானோமீட்டர் சந்து அந்த வேலையைச் செய்கிறது. வில்லையில் மின்னோட்டம் ஒரு திசையில் பாயும்போது கீழே உள்ள தங்கத்தில் எதிர்த்திசையில் பாய்கிறது. இரண்டுக்கும் நடுவே மின்காந்தப் புலம் சிக்கி அலைகிறது. பக்கத்தில் பாடுபவரின் சுருதி ஒத்துவந்தால் தம்புராவின் கம்பி யாரும் தொடாமலே அதிருமே, அதுபோல வில்லையின் விட்டத்துக்கு ஒத்த அலைநீளம் வந்தால் மட்டுமே இந்த அதிர்வு எழும். சிக்கிய புலத்துக்கு இரண்டு வழிகள் உண்டு: ஒன்று உலோகத்தில் வெப்பமாகக் கரைவது, மற்றொன்று வெளியே கசிந்து கதிராகத் திரும்புவது. இரண்டின் வேகமும் சரிசமமானால், வெளியே கசியும் கதிரும் மேற்பரப்பிலிருந்து நேரே திரும்பும் கதிரும் ஒன்றையொன்று அழித்துவிடும். திரும்பிவர எதுவும் மிஞ்சாது. சந்தின் அகலத்தை அதற்கும் கீழே ஒடுக்கினால் கசிவு குறையும், கரைவு மிகும், சமன் கெடும், பரப்பு பழையபடி பிரதிபலிக்கத் தொடங்கும். ஆக, வடிவமைப்பவருக்குக் கையில் இருப்பவை இரண்டு திருகுகள். விட்டம் அலைநீளத்தைத் தீர்மானிக்கிறது, இடைவெளி சமனைத் தீர்மானிக்கிறது. கணினியில் மேக்ஸ்வெல் சமன்பாடுகளைத் தீர்த்து, இப்போது செயற்கை நுண்ணறிவையும் துணைக்கு அழைத்து, வினோதமான உருவங்களை எல்லாம் வரைகிறார்கள். அவற்றில் பலவும் சாதாரண வட்ட வில்லை செய்திருக்கக்கூடிய வேலையைத்தான் செய்கின்றன.

இந்தத் துறை பிறந்த கதையிலும் ஒரு தலைகீழ் மாற்றம் உண்டு. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் உலோக நுண்கட்டமைப்புகளின் மேல் வைத்திருந்த நம்பிக்கையே வேறு. ஒளியை வளைத்துச் செல்லும் மறைப்புப் போர்வை, அலைநீளத்தின் எல்லையை மீறும் லென்ஸ், ஒளியால் இயங்கும் சில்லு என்று கனவுகள் பெரிதாக இருந்தன. 2006-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்மித் குழு நுண்ணலைகளுக்கு மறைப்புப் போர்வை ஒன்றைச் செய்துகாட்டிப் பெரும் பரபரப்பை உண்டாக்கியது. ஆனால் அலைநீளம் குறையக் குறைய உலோகம் ஒளியைத் தின்றது. போர்வை மறைப்பதற்குள் ஒளியே காணாமல் போனது. 2008-இல் பாஸ்டன் கல்லூரியின் வில்லி படீயா குழுவும் அதே ஸ்மித்தும் சேர்ந்து இந்தக் குறையையே பொருளாக்கினார்கள். தின்பதுதான் உலோகத்தின் குணம் என்றால், நன்றாகத் தின்னவிடுவோமே. 11.5 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலையில் அவர்களின் கணிப்பு 99 சதவீதம், அளந்தது 88 சதவீதம். கணிப்புக்கும் அளவீட்டுக்கும் இடையிலிருந்த அந்தப் பதினொரு சதவீதத்தை நிரப்பும் ஓட்டம்தான் பிறகு உச்ச எண்ணுக்கான போட்டியாக உருவெடுத்தது. இரண்டே ஆண்டில் படீயா குழு 6 மைக்ரோமீட்டர் அகச்சிவப்பில் 97 சதவீதம் காட்டியது. ஸ்டுட்கார்ட்டின் 99 சதவீதமும் அதே ஆண்டுதான்.

என் வாதத்துக்கு முதல் சான்று 1859-இல் குஸ்தாவ் கிர்க்காஃப் கண்ட விதி. ஒரு பரப்பு எந்த அலைநீளத்தை எவ்வளவு விழுங்குகிறதோ, சூடேறியதும் அதே அலைநீளத்தை அதே அளவுக்கு உமிழும். ஆகவே விழுங்கும் பரப்பு என்பதும் ஒளிவிடும் பரப்பு என்பதும் ஒன்றே. இதற்கு நேரடிப் பயன் கார்பன் டை ஆக்சைடு உணரிகளில் இருக்கிறது. அறுவைச்சிகிச்சை அரங்கில் மயக்கத்தில் இருப்பவரின் மூச்சை அளக்கும் கருவியிலும், குளிரூட்டிய கட்டடங்களில் காற்றோட்டத்தைக் கண்காணிக்கும் பெட்டியிலும் இருப்பது ஒரே உத்தி. 4.26 மைக்ரோமீட்டர் அலைநீளக் கதிரை அந்த வாயு வலுவாக உறிஞ்சும். ஒரு பக்கம் சூடான ஒளிமூலம், மறுபக்கம் உணரி, நடுவே காற்று. எவ்வளவு கதிர் குறைந்தது என்று பார்த்தால் வாயுவின் அளவு தெரிந்துவிடும். ஒளிமூலமாகப் பெரும்பாலும் சிறிய இழைவிளக்கையே வைக்கிறார்கள். இப்போது ஒரு கணக்குப் போடலாம். முழுக் கறுப்பான பரப்பு ஒன்றை 500 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 20,000 வாட் கதிர் வெளியே போகும். அதில் 4.26-ஐச் சுற்றி 0.2 மைக்ரோமீட்டர் அகலமுள்ள, நமக்கு வேண்டிய பட்டையில் விழுவது 700 வாட்டுக்கும் குறைவு. நூற்றுக்கு மூன்று, மூன்றரை. மீதி 96 பங்கும் வீண். வீண் என்றுகூட விட்டுவிட முடியாது, அது கருவியின் உட்பகுதியைச் சூடாக்கி அளவீட்டையும் குழப்பும்.

அதே 500 டிகிரியில் நம் உலோகப் பரப்பை வைத்துப் பார்ப்போம். 4.26-இல் முழுதாக உமிழ்கிறது, அதிர்வின் அகலம் 0.4 மைக்ரோமீட்டர், மற்ற அலைநீளங்களில் எல்லாம் உலோகத்தின் இயல்புப்படி 3 சதவீதம் மட்டும் உமிழ்கிறது என்று கொள்வோம். மொத்த உமிழ்வு சுமார் 2,700 வாட்டாக இறங்குகிறது. வேண்டிய பட்டைக்குள் வருவது சுமார் 630 வாட். மூன்றரை சதவீதம் என்பது 23 சதவீதமாகிறது. சரி, இனி உச்சத்தை 100-இலிருந்து 90 ஆகக் குறைத்துப் பாருங்கள். விகிதம் அதே 23-ஐ ஒட்டியே நிற்கிறது, ஏனென்றால் வரும் ஒளியும் செலவும் சேர்ந்தே குறைகின்றன. உச்சத்தைத் தொடாமல் பின்னணியை 3 சதவீதத்திலிருந்து 10 ஆக உயர்த்திப் பாருங்கள். விகிதம் 15-க்கு விழுந்துவிடுகிறது. இன்னொன்றும் இந்தக் கணக்கில் தெரிகிறது: அந்தச் சிறிய 3 சதவீதப் பின்னணி மட்டுமே 600 வாட்டைத் தின்கிறது, நமக்குப் பயன்படும் ஒளிக்கு ஈடாக. உச்சத்தில் ஒன்பது என்ற இலக்கத்தை இன்னொரு முறை சேர்ப்பதற்குச் செலவிடும் உழைப்பை இந்தப் பின்னணியை அரை சதவீதம் குறைப்பதில் செலவிட்டால் கருவிக்கு அதிகம் கிடைக்கும்.

இதற்கு ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்பு. சிறிய சூடாக்கியில் வெப்பம் கதிராக மட்டுமா போகிறது? பெரும்பங்கு சுற்றியுள்ள காற்றின் வழியாகவும், மெல்லிய சவ்வைத் தாங்கும் கால்களின் வழியாகவும் கசிகிறது. அப்படியிருக்க, கதிர்க் கணக்கில் மட்டும் சிக்கனம் காட்டி என்ன லாபம்? காற்றடைத்த சாதாரண உறையில் வைத்தால் மின்கலச் செலவில் ஆதாயம் நான் சொன்ன விகிதத்தில் வராது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அது இந்தப் பரப்புக்கு எதிரான வாதமல்ல, உறைக்கு எதிரான வாதம். வெற்றிட உறைக்குள் வைத்தால் மிஞ்சும் செலவு பெரும்பாலும் கதிர்தான், அங்கே பின்னணி எண்ணே எல்லாமாகிவிடும். தவிர, இழைவிளக்கின் கண்ணாடிக் கூடு 5 மைக்ரோமீட்டருக்கு மேல் கதிரை வெளியே விடாது. நீண்ட அலைநீளத்தில் அளக்க வேண்டிய வாயுக்களுக்கு அந்த விளக்கு உதவவே உதவாது. உலோகப் பரப்புக்கு அந்தத் தடை இல்லை.

உணரும் பக்கத்தில் எழும் கேள்வி இன்னும் எளிமையானது: கறுப்புச் சாயம் அடித்தால் போதாதா? 1930-களிலேயே பஃபுண்ட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் குறைந்த அழுத்தமுள்ள வாயுவில் உலோகத்தை ஆவியாக்கிப் புகைக்கரி போன்ற படலங்களைச் செய்தார். தங்கத்தில் செய்ததற்குத் தங்கக் கறுப்பு என்று பெயர், இன்றும் சில உணரிகளில் இருக்கிறது. அகச்சிவப்பு முழுவதையும் விழுங்கும், ஆனால் விரல் பட்டால் உதிர்ந்துவிடும். 2014-இல் பிரிட்டனின் சர்ரே நானோசிஸ்டம்ஸ் வெளியிட்ட வாண்டாபிளாக், கார்பன் நானோகுழாய்களின் காடு. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 99.965 சதவீதத்தை விழுங்கும். உச்ச எண்தான் அளவுகோல் என்றால் போட்டி அங்கேயே முடிந்துவிட்டது, நானோ வில்லைகள் கடையைக் கட்டலாம். அவை கடையைக் கட்டாததற்குக் காரணம், எல்லாவற்றையும் விழுங்கும் பரப்பு எல்லாவற்றோடும் வெப்பத்தைக் கொடுக்கல் வாங்கல் செய்கிறது என்பதே. அறை வெப்பத்தில் நாற்காலி, சுவர், மனிதர் எல்லாமே 10 மைக்ரோமீட்டரை ஒட்டிக் கதிர்விடுகின்றன. முழுக் கறுப்பான உணரி அத்தனையையும் வாங்கி, தானும் அத்தனை அலைநீளத்திலும் திருப்பிக் கொடுக்கிறது. இந்தப் பரிமாற்றத்தின் தற்செயல் ஏற்றத்தாழ்வுதான் வெப்ப உணரியின் இரைச்சலுக்கு இயற்கை விதித்த அடிமட்டம். பட்டையைக் குறுக்கினால் பரிமாற்றம் குறையும், அடிமட்டமும் இறங்கும். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ஜோசப் டால்கேடர் குழு 2012-இல் இந்த வாதத்தை விரிவாக எடுத்துவைத்தது. உணரி எதைப் பார்க்க மறுக்கிறதோ அதுவே அதன் கூர்மை. உச்சம் 99-இலிருந்து 90-க்கு இறங்கினால் சமிக்ஞை பத்தில் ஒரு பங்கு குறையும், உண்மைதான். பின்னணியை வடிகட்டத் தவறினால் இழப்பது அதைவிட அதிகம்.

மறுப்பதன் பயனை ஒரே கருவியில் பார்க்க விரும்புபவர்களுக்குப் பாஸ்டன் நகரின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் மத்தேயோ ரினால்டி குழு 2017-இல் வெளியிட்ட அகச்சிவப்பு விசையைக் காட்டலாம். அமெரிக்க ராணுவத்தின் ஆராய்ச்சி அமைப்பான டார்பா பணம் கொடுத்தது. ஆளில்லாத இடத்தில் போட்டுவைக்கும் உணரி, எதுவும் நடக்காதபோதும் விழித்திருந்து மின்கலத்தைத் தீர்த்துவிடுகிறது என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட சிக்கல். அவர்கள் செய்த பொருளின் தலைப்பகுதி, நுண்ணிய தங்கத் துண்டுகள் பதித்த, நாம் பேசிவரும் அதே வகைப் பரப்பு. அதைத் தாங்கும் கால்கள் இரண்டு வேறு பொருள்களை ஒட்டிச் செய்தவை. சூடேறினால் ஒன்று மற்றதைவிட அதிகமாக விரிவதால் கால் வளையும். குறித்த அலைநீளக் கதிர் தலையில் பட்டதும் அது சூடாகி, கால் வளைந்து, மின்முனை போய் எதிர்முனையைத் தொடும். மின்கலத்திலிருந்து அதுவரை ஒரு துளி மின்சாரமும் செலவாகாது. விசையைத் தட்டி எழுப்பும் ஆற்றலை வரும் கதிரே கொடுத்துவிடுகிறது. அதற்குச் சுமார் 500 நானோவாட் போதும். வெளியே வெயில் ஏறினால்? எதிர்முனையையும் அதே மாதிரிக் கால்களில் நிறுத்தியிருக்கிறார்கள், சுற்றுப்புறம் சூடானால் இரண்டும் சேர்ந்தே வளையும், இடைவெளி மாறாது. வாகனப் புகையின் வெப்பத்துக்கோ தீக்கோ உரிய அலைநீளம் வந்தால்தான் ஒன்று மட்டும் அசையும். இங்கே பரப்பு 99 சதவீதம் விழுங்கினால் என்ன, 85 விழுங்கினால் என்ன? சற்று முந்தியோ பிந்தியோ தொடும், அவ்வளவே. ஆனால் வேண்டாத அலைநீளத்தில் கால்பங்கு விழுங்கிவிட்டால் வெயிலடிக்கும்போதெல்லாம் பொய்யாக எழுந்து நிற்கும், அப்படிப்பட்ட காவலாளியால் யாருக்கும் பிரயோசனமில்லை.

இதைவிட வலுவான மறுப்பு ஒளிவடிகட்டி தயாரிப்பவர்களிடமிருந்து வரும். ஒன்றன்மேல் ஒன்றாக மெல்லிய அடுக்குகளை ஆவியாக்கிப் படியவைத்த குறுக்கீட்டு வடிகட்டி பல ஆண்டுகளாகச் சந்தையில் இருக்கிறது. சாதாரணக் கறுப்பு உணரியின் முன்னால் அதை ஒட்டினால் வேலை முடிந்தது, அதன் விளிம்புகளோ கத்தி போலச் செங்குத்து. உலோக வில்லையின் அதிர்வு அப்படியில்லை; உலோகம் தின்பதால்தான் அது வேலை செய்கிறது, அதே தின்னலால்தான் அதன் பட்டை அகலமாகவும் இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடின் 4.26-க்குப் பக்கத்திலேயே நைட்ரஸ் ஆக்சைடு 4.5-இலும் கார்பன் மோனாக்சைடு 4.67-இலும் உட்கார்ந்திருக்கின்றன. நைட்ரஸ் ஆக்சைடு மயக்கமருந்தாகப் புழங்கும் அறுவை அரங்கில் அகலமான பட்டை ஆபத்து. அங்கே நான் வடிகட்டியின் பக்கம்தான் நிற்பேன். வில்லையின் பலம் வேறிடத்தில். வடிகட்டிக்கு ஒவ்வோர் அலைநீளத்துக்கும் தனித்தனி அடுக்கு வரிசை வேண்டும், தனித்தனியாக வெட்டி ஒட்ட வேண்டும். வில்லைப் பரப்பில் அலைநீளம் இருப்பது வரைபடத்தில். ஒரே சில்லில், ஒரே தயாரிப்புச் சுற்றில், பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளில் விட்டத்தை மட்டும் மாற்றி வரைந்தால் நாலு வாயுவுக்கு நாலு உணரி கிடைத்துவிடும். சாய்வாக விழும் கதிரிலும் இதற்கு ஆதாயம் உண்டு. வடிகட்டியின் பட்டை சாய்வு கூடக் கூடக் குறுகிய அலைநீளத்துக்கு நகரும். வில்லையில் புலம் அந்தந்த இடத்திலேயே சிக்கிக்கொள்வதால் பெரிய சாய்விலும் அது அதிகம் அசையாது.

மறுப்பே மூலதனம் என்பதை வெயில் காயும் நாடுகளில் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1955-இல் இஸ்ரேலின் ஹாரி டாபோர் சூரிய வெப்பத்துக்காகத் தேர்ந்தெடுத்து விழுங்கும் பூச்சுகளை முன்வைத்தார். வெயிலை வாங்கும், ஆனால் சூடான பிறகு அகச்சிவப்பாக வெளியே விடாது. நம் மொட்டைமாடிகளில் நிற்கும் சூரிய வெந்நீர்க் குழாய்களின் உட்பூச்சு அந்த எண்ணத்தின் வாரிசு. அதன் நேர் எதிர் வடிவத்தை 2014-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆஸ்வத் ராமனும் ஷான்ஹூய் ஃபானும் செய்தார்கள். வெள்ளியின் மேல் ஹாஃப்னியம் ஆக்சைடும் சிலிகாவும் மாறிமாறி ஏழு அடுக்கு. நட்டநடு வெயிலில் சுற்றுக்காற்றைவிட 4.9 டிகிரி குளிர்ந்து நின்றது. வானத்தின் ஜன்னலான 8 முதல் 13 மைக்ரோமீட்டர் பட்டையில் அது வெப்பத்தை விண்வெளிக்கு அனுப்புகிறது. இது வில்லை அல்ல, அடுக்கு. ஆனாலும் அடியில் உலோகக் கண்ணாடி, மேலே ஒரு பட்டைக்கு மட்டும் திறப்பு என்ற கணக்கு ஒன்றுதான். அதன் குளிர்விக்கும் திறன் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 40 வாட். வெயிலோ சதுர மீட்டருக்கு 850 வாட்டுக்கும் மேல். 97 சதவீத வெயிலை மறுத்ததால்தான் அந்த 40 வாட் மிஞ்சியது. இன்னும் ஐந்து சதவீத வெயிலை உள்ளே விட்டிருந்தால் குளிர்ச்சி என்ற பேச்சே இல்லை. அகச்சிவப்பில் அது எவ்வளவு அருமையாக உமிழ்ந்திருந்தாலும் காப்பாற்றியிருக்காது.

விலை? தங்கம் என்றதும் கை நடுங்கத் தேவையில்லை. அகல் விளக்கு அளவுள்ள பரப்புக்குக்கூட ஆகும் தங்கம் மில்லிகிராம் கணக்கில்தான். எலெக்ட்ரான் கற்றையால் ஒவ்வொரு வில்லையாக வரைவதுதான் ஆய்வகத்தில் காசைக் கரைப்பது. இது கண்ணுக்குத் தெரியும் ஒளிக்குச் செய்யும்போது தவிர்க்க முடியாத தொல்லை. அகச்சிவப்பிலோ அலைநீளம் நீண்டு நமக்கு உதவுகிறது. வில்லையின் விட்டம் அலைநீளத்தில் சுமார் கால்பங்கு என்பதால், 4.26-க்கு ஒரு மைக்ரோமீட்டர், மனித உடலின் கதிருக்கு இரண்டரை மைக்ரோமீட்டர் போதும். சில்லுத் தொழிற்சாலைகளில் புதிய தலைமுறை வந்ததும் ஓரங்கட்டிய பழைய 365 நானோமீட்டர் ஒளிவரைவு இயந்திரம் இதைச் சுலபமாக அச்சடிக்கும். தங்கம் சிலிக்கான் ஆலைக்குள் நுழையக்கூடாத மாசு என்பது உண்மையான தடை. அங்கே அலுமினியத்துக்கு மாறலாம், இந்த அலைநீளங்களில் அதுவும் நல்ல கண்ணாடிதான். வரைவதே வேண்டாம் என்றும் ஒரு வழி உண்டு. 2012-இல் டியூக்கில் வேதிமுறையில் வளர்த்த வெள்ளி நானோ கனசதுரங்களை, பாலிமர் பூசிய தங்கப் படலத்தின் மேல் தாறுமாறாகத் தூவினார்கள். வரிசை எதுவும் இல்லாமலே பிரதிபலிப்பு கட்டுக்குள் வந்தது. ஒவ்வொரு கனசதுரமும் தன் காலடிச் சந்தில் தனியாகவே அதிர்வதால் பக்கத்தில் இருப்பது எங்கே நிற்கிறது என்பது பெரிதாகக் கணக்கில் வருவதில்லை. அவர்கள் காட்டியது கண்ணுக்குத் தெரியும் ஒளியை ஒட்டிய பகுதியில். பெரிய பரப்பை மலிவாக மூட நினைப்பவர்களுக்கு இந்தப் பாதைதான் எனக்கு நம்பிக்கை தருகிறது.

மீதமிருக்கும் பெரிய சிக்கல் வெப்பம். உணரிக்கு அது பொருட்டல்ல, உமிழும் பரப்புக்கு அதுவே எமன். தங்கம் உருகுவது 1064 டிகிரியில் என்றாலும் இருபது நானோமீட்டர் உயர வில்லை அதற்கு வெகுமுன்பே விளிம்பு மழுங்கி உருண்டு திரளத் தொடங்கும். டங்ஸ்டன் தாங்கும், ஆனால் காற்றில் ஆக்சைடாகிவிடும். பிளாட்டினமும் டைட்டானியம் நைட்ரைடும் இடைப்பட்ட வழிகள், இரண்டுமே தங்கத்தைவிடச் சற்று மோசமான கண்ணாடிகள். வில்லை சிதைந்தால் உச்சம் கொஞ்சம் இடம் மாறும், கொஞ்சம் தாழும்; அதைச் சூடாக்கும் மின்னோட்டத்தையும் அளவீட்டையும் திருத்திச் சமாளித்துவிடலாம். அடித்தளம் சொரசொரப்பாகி, பின்னணி 3-இலிருந்து 6 சதவீதமானால் சமாளிக்க வழியில்லை. மேலே போட்ட கணக்குப்படி, வீணாகும் கதிர் இன்னொரு 600 வாட் ஏறியிருக்கும். ஆகவே புதிய பரப்பு ஒன்றை யாராவது அறிவிக்கும்போது நான் முதலில் தேடுவது வரைபடத்தின் நடுவில் எழும் முகட்டை அல்ல. இருபுறமும் தாழ்ந்து ஓடும் கோட்டை, அதுவும் ஆயிரம் மணிநேரம் சூடேற்றிய பிறகு அளந்த கோட்டை. அந்த வரைபடம் பெரும்பாலான கட்டுரைகளில் இன்னும் இடம்பெறுவதில்லை.